கோச்சி ஓடாத ரோட்டு

கேள்வி: அமெரிக்காவுல விஸ்கான்சின்ல இருக்கிற மகள் பழைய ரயில் பாதையில சைக்கிள் ஓடுறாவாம், பனிக்காலத்துலயும் மூடுறதில்லையாம். நான் இங்க தண்டவாளத்தோரமா நடந்தா மட்டும் ஏன் ஏசுறாங்க?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, அங்க கோச்சி ஓடுறதில்ல, இங்க ஓடுது, அதான் ஏசுறாங்க! மகள் சொல்றது எல்ராய் ஸ்பார்ட்டா பாதையா இருக்கலாம், கைவிட்ட ரயில் பாதைய வாங்கி, தண்டவாளத்த கழட்டி, சுண்ணாம்புக்கல் பொடி போட்டு 1967ல திறந்தது, 51 கிலோமீட்டர் போகும், மூணு சுரங்கமும் இருக்கு, அதுல ஒண்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல, உள்ள ஒரே இருட்டு, டார்ச் இல்லாம போகேலாது. பனி விழுந்தா சைக்கிளுக்கு பதிலா பனி ஸ்கூட்டர். கோச்சிக்கு செங்குத்தான ஏத்தம் ஒத்து வராது எண்டதால பாதைய சரிவு குறைச்சுத்தான் போட்டிருப்பாங்க, அதனால முழங்கால் நோவுள்ளவங்களுக்கும் சுகம்.

எங்கட களனிவெளி லைன்லயும் அவிசாவளைக்கு அங்கால ரத்தினபுரி, ஓப்பநாயக்க பக்கம் கோச்சி நிண்டு கனகாலம், அதைய இப்பிடி ஆக்கியிருந்தா எவ்வளவு நல்லம். அதுவரைக்கும் நீங்க காலி முகத்திடலுக்கே போங்க, இஸ்ஸோ வடையும் கிடைக்கும்.