கம்யூனிட்டி காலேஜும் கனமான சொற்களும்

அன்புள்ள மேடம்,

இருபது வருடமாக சான் ஹோசேயில் இருக்கிறேன். என் மகளுக்கு யூசி (கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) பெர்க்லியில் இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்த தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் போன ஆகஸ்டில் பக்கத்தில் இருக்கும், இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். பொங்கலன்று நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். பெர்க்லியில் முதல் வருடம் படிக்கும் அவர் மகன் பேச்சுக்குப் பேச்சு 'ஹெஜிமனி', 'டிஸ்கோர்ஸ்', 'எபிஸ்டமாலஜி' என்றான். என் மகளும் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சாதாரண வார்த்தைகளில்தான். பாதியில் நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. அவளுடைய வரலாற்றுக் கட்டுரையின் முதல் பக்கத்தை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இணைத்திருக்கிறேன். டீச்சர் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். தரம் குறைந்த இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டேனா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், சான் ஹோசே

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், கார் பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி என்னை ரொம்ப நேரம் விடவில்லை. உங்கள் மகள் அன்றைக்குப் பாதியில் நிறுத்தியது எதனால் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். கணக்குப் புத்தகத்தில் 'அஆ = 5 செ.மீ. என்க' என்று இருக்கும். எங்கள் வீட்டிலோ தெருவிலோ 'என்க' என்று யாரும் சொன்னதில்லை. இயற்பியலில் 'வேலை' வந்தது. நாள் முழுக்கச் சுவரைத் தள்ளினாலும் சுவர் நகராவிட்டால் செய்த வேலை சுழி என்றார் வாத்தியார். வயலில் இடுப்பொடிய நின்ற அப்பாவை நினைத்துக்கொண்டு, இது என்ன அநியாயம் என்று வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் என் தாய்மொழிதான், ஆனால் பள்ளிக்கூடத் தமிழ் எனக்கு இன்னொருவர் கற்றுக்கொடுத்துத்தான் வந்தது. ஆங்கிலத்திலும் அப்படியே. சான் ஹோசேயில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் படிப்பின் ஆங்கிலத்தை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

அந்தப் படிப்பின் ஆங்கிலம் எது என்று ஒருவர் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட். சட்டம், அறிவியல், வணிகம், கலை என்று பல துறைகளில் சுமார் 35 லட்சம் சொற்கள் அளவுக்குப் பாடநூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைப் பிரித்தெடுத்து 2000இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். படிப்பு சார்ந்த எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இதிலிருந்துதான் வருகிறது. பட்டியலின் முதல் வரிசையில் இருப்பவை 'அஸ்யூம்', 'டெரைவ்', 'கான்செப்ட்', 'சிக்னிஃபிகன்ட்' மாதிரியான சொற்கள். பார்த்தால் சாதுவாக இருக்கும், ஆளைக் கவிழ்ப்பவையும் இவைதான். 'ஹெஜிமனி' புரியாவிட்டால் அகராதியைப் புரட்டுவோம். 'சிக்னிஃபிகன்ட்' நமக்குத் தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுவோம்.

நான் அதைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொண்டது எங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜ்தான். நாற்பத்திரண்டு வயதில், மாலை வகுப்பில் புள்ளியியல் எடுத்தேன். முப்பது பேர் இருப்போம். என் பக்கத்தில் உட்காரும் பெண் மருத்துவமனை ஷிஃப்ட் முடிந்து அதே சீருடையில் வருவார். ஒருநாள் டீச்சர் பலகையில் 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதி அர்த்தம் கேட்டார். முக்கியமானது என்று எல்லாரும் சொன்னோம். "சரி, ஒரு மருந்தைப் பத்தாயிரம் பேருக்குக் கொடுத்தோம். ரத்த அழுத்தம் சராசரியாக அரைப் புள்ளி குறைந்தது. கணக்குப்படி அது சிக்னிஃபிகன்ட். நோயாளிக்கு அது முக்கியமா?" என்றார். பக்கத்துப் பெண் சிரித்தார். "அரைப் புள்ளியா? நான் அடுத்தடுத்து இரண்டு தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தாலே அதைவிட அதிகம் வித்தியாசம் வரும்" என்றார். டீச்சர் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "இப்போது உங்களுக்கு இரண்டு சிக்னிஃபிகன்ட் தெரியும். எது தற்செயலாக வரக்கூடியது இல்லையோ அது ஒன்று. எது நோயாளிக்கு உதவுமோ அது இன்னொன்று." அதற்கப்புறம் செய்தியில் எந்த ஆய்வைப் படித்தாலும் அந்தச் சீருடைப் பெண்ணின் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அதைவிடத் தரமான வகுப்பில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை.

சரி, பெர்க்லி? அது பெரிய இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆய்வு நடக்கிற இடம். அந்த ஆய்வுக்கூடமும் நூலகமும், சுற்றியிருக்கும் மாணவர்களும் கம்யூனிட்டி காலேஜில் கிடையாது. ஆனால் நாம் ஒப்பிடுவது முதல் இரண்டு வருடத்தை. அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆரம்பப் பாடத்தில் ஒரே செமஸ்டரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்ததுண்டு. சந்தேகம் தீர்க்கும் சின்ன வகுப்புகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான். முதல் வருட எழுத்துப் பயிற்சி வகுப்பைப் பல இடங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் எடுக்கிறார்கள். அவர்களில் அருமையானவர்கள் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் அதே பாடத்தை எடுப்பவரிடம் முதுகலைப் பட்டமாவது இருக்கும். கற்பிப்பது மட்டும்தான் அவருக்கு வேலை, அதை வைத்துத்தான் அவரை எடைபோடுவார்கள்.

இந்த ஏற்பாடு யோசித்துச் செய்யப்பட்டது. கலிபோர்னியா 1960இல் ஒரு உயர்கல்வித் திட்டம் போட்டது. அப்போது யூசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதில் முக்கியமானவர். பள்ளி முடிக்கிறவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு, கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும் என்று வகுத்தார்கள். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறும் வழியையும் அந்தத் திட்டத்திலேயே வைத்தார்கள். இன்றைக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யூசியான யூசிஎல்ஏவுக்கு ட்ரான்ஸ்ஃபராகிப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்த இரண்டு குழுக்களில் ஒன்றின் தலைவரான கிரெய்க் வென்டர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியதும் படிப்பைத் தொடங்கியது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சான் மாட்டேயோ கம்யூனிட்டி காலேஜில்தான்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னீர்கள். கம்யூனிட்டி காலேஜில் பிள்ளைகள் கெடுவது பாடத்தால் இல்லை, வழி தெரியாமல் கெடுகிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் அங்கே சேர்கிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு வருடத்துக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குகிறவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், பட்டத்துக்கென்று வராதவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அப்படியும் அது மனசை அறுக்கிற எண். தப்பான கணக்குப் பாடம் எடுத்து ஒரு வருடத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆலோசகரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆசிரியர்களில் நிறையப் பேர் பகுதிநேரம். காலையில் ஒரு காலேஜ், மதியம் இன்னொன்று என்று ஹைவேயிலேயே பாதி நாள் போய்விடும் அவர்களுக்கு. மாணவர் வந்து உட்கார அவர்களுக்கு ஓர் அறைகூட இருக்காது. அந்த ஆசிரியர்களை நாம் நடத்துகிற விதம் நியாயமே இல்லை.

அதனால் உங்கள் கவலையைப் பெர்க்லிப் பையனின் சொற்களிலிருந்து எடுத்து இந்த வழி தேடும் வேலையில் வையுங்கள். அசிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசியில் எதற்குச் சமம் என்று இருக்கிறது. மகளோடு உட்கார்ந்து பாருங்கள். டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யூசிகள் நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுக்கு இடத்தை உறுதி செய்கின்றன. அதற்கு, யூசியில் சேர நினைக்கும் வருடத்துக்கு முந்தைய வருடம் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி அந்த ஆறில் இல்லை, ஆனால் ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களை அதுவும் எடுக்கிறது.

இன்னொரு சொல்லையும் கேட்டுப் பாருங்கள். 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்றால் என்ன என்று மகளுக்குத் தெரியுமா? அது ஆசிரியர் தன் அறையில் வேலை பார்க்கும் நேரம், அப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் ஒரு செமஸ்டர் முழுக்க நினைத்திருந்தேன். நாம் போய்க் கேட்பதற்காகவே ஒதுக்கிய நேரம் அது. என் புள்ளியியல் டீச்சர் இரண்டாவது வாரத்தில் ஒவ்வொருவரும் அவர் அறைக்கு வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்று அதற்கு மதிப்பெண்ணே வைத்தார். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே தெரிந்துகொண்டு வருகிற சொல் அது. மற்றவர்களுக்கு அவர் அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்.

இப்போது அந்தப் பக்கம். சான்டா கிளாரா பள்ளத்தாக்கு பழத்தோட்டமாக இருந்த காலத்தில் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலைகளில் பெண்களுக்கு என்ன கூலி என்று எழுதியிருக்கிறாள். ஒரு ஆலையின் கூலிக் கணக்கைக் காட்டி, பெண்களுக்கு எங்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்று இது 'ப்ரூவ்ஸ்' என்கிறாள். டீச்சர் அந்தச் சொல்லை அடித்து, மேலே 'சஜஸ்ட்ஸ்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஓரத்தில் பொடி எழுத்தில், "ஒரே ஆலைதானே? வேறு கணக்கு கிடைக்குமா?"

நிரூபிக்கிறது என்பதற்கும் அப்படித் தோன்றச் செய்கிறது என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை உங்கள் மகளுக்கு ஒருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார். அதே பக்கத்தில் பதினாறு இடத்தில் மை இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் வரிவரியாகப் படித்தவரின் மை. உங்கள் கண்ணுக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. முழுப் பக்கத்துக்கும் ஒரே ஒரு எழுத்தைக் கிரேடாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால்தான் நான் உங்களோடு சேர்ந்து கவலைப்பட்டிருப்பேன்.

அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அந்த டீச்சரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற ஆலைகளின் கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் முழுசாக எழுதி முடித்ததும், அவளுக்குச் சம்மதமென்றால், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தப் பெண்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்