பக்கத்துக்கு 10 சென்ட்

கேள்வி: பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை மையத்தில் இருந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? அங்கே உருவான 'ரீகேப்' என்ற பிரவுசர் நீட்சி இன்னும் பயன்படுமா? எனக்கு ஒரு அமெரிக்க வழக்கின் ஆவணங்கள் தேவை.

பதில்: மையத்தின் முதல் இயக்குநர் எட்வர்ட் ஃபெல்டன் 2015-ல் வெள்ளை மாளிகையில் துணைத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். அங்கே ஆய்வு மாணவராக இருந்த அலெக்ஸ் ஹால்டர்மன், இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' தொடங்கியவர்களில் ஒருவர். டேவிட் ராபின்சனும் ஹார்லன் யூவும், தொழில்நுட்பப் பயன்பாட்டில் சமநீதிக்காக உழைக்கும் 'அப்டர்ன்' அமைப்பை நிறுவினார்கள்.

ஹார்லன் யூ உள்ளிட்டோர் 2009-ல் உருவாக்கிய ரீகேப் தாராளமாகப் பயன்படும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களைத் தரும் 'பேசர்' தளம் பக்கத்துக்கு 10 சென்ட் வாங்குகிறது. ரீகேப் நீட்சியை பிரவுசரில் நிறுவியவர் ஒரு ஆவணத்தைக் காசு கொடுத்து எடுத்தால், அதன் பிரதி பொதுக் காப்பகத்துக்குத் தானாகப் போய்விடும். அடுத்தவருக்கு அது இலவசம். பொதுமக்களின் நீதிமன்ற ஆவணத்தைப் பொதுமக்களிடமே சேர்க்கும் அருமையான ஏற்பாடு இது.

முதலில் அந்தப் பொதுக் காப்பகம் இருக்கும் 'கோர்ட்லிசனர்' தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் பேசருக்குப் போங்கள். அங்கே சாதாரண ஆவணத்துக்குக் கட்டண உச்சவரம்பு 3 டாலர். பலர் ஏமாறுவது தேடலில்தான்: தேடல் முடிவுகளுக்கும் பக்கக் கணக்கில் கட்டணம் உண்டு, அதற்கு உச்சவரம்பு கிடையாது. பொதுவான பெயரைப் போட்டுத் தேடினால் பக்கங்கள் குவிந்துவிடும். காலாண்டில் மொத்தம் 30 டாலருக்குள் நின்றால் கட்டணம் முழுவதும் தள்ளுபடி.