வாசகர் கேள்வி-பதில்: செனட் வாசலில் காத்திருக்கும் நீதிபதிகள்

அமெரிக்காவில் நீதிபதி நியமனங்களைக் கட்சிகள் எப்படி முடக்குகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில்.

அமெரிக்க ஜனாதிபதி ஒருவரை நீதிபதியாக நியமித்த பிறகு செனட் அதை எப்படித் தடுக்க முடியும்?

ஜனாதிபதி பெயரை முன்மொழிகிறார், அவ்வளவுதான். அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவுப்படி செனட்டின் ஒப்புதல் கிடைத்தால்தான் அது நியமனம். மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்ற மூன்று படிகளுக்கும் இதே வழிதான். மூன்றிலும் பதவி ஆயுட்காலத்துக்கு. நான்கு வருடம் ஆளும் ஜனாதிபதி முப்பது வருடம் தீர்ப்பு எழுதப்போகிறவரை விட்டுச் செல்கிறார் என்பதால்தான் இத்தனை இழுபறி.

செனட்டில் வாக்கெடுப்பு நடந்து தோற்றவர்கள் மிகச் சிலர். 1987இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் 42-58 என்று தோற்றது இன்றும் பேசப்படுவதற்கு அது அபூர்வம் என்பதே காரணம். தேறாமல் போகும் பெயர்களில் பெரும்பாலானவை வாக்கெடுப்பு வரைக்கும் வராமலே காலாவதியாகின்றன. கூட்டத்தொடர் முடியும்போது நிலுவையில் உள்ள பெயர்கள், எல்லா உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டாலொழிய, வெள்ளை மாளிகைக்கே திரும்பிப் போய்விடும். ஜனாதிபதி விரும்பினால் மறுபடி அனுப்பலாம். எதிர்த்து வாக்களித்தால் அது பதிவேட்டில் ஏறும், தொகுதியில் பதில் சொல்லவேண்டும். கோப்பை எடுக்காமல் இருந்தால் யாருக்கும் பதில் சொல்லவேண்டாம்.

'நீலச் சீட்டு' என்கிறார்களே, அது என்ன?

ஒரு மாநிலத்தில் உள்ள நீதிமன்றத்துக்கு ஆள் முன்மொழியப்பட்டால், பெயர்களை முதலில் விசாரிக்கும் செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர் அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் ஒரு நீலநிறத் தாள் அனுப்புவார். 1917 வாக்கிலிருந்து இருக்கும் வழக்கம். சம்மதம் என்றோ எதிர்ப்பு என்றோ எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். அனுப்பாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தாலும் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

செனட் விதிகளில் இதைப்பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. குழுத் தலைவர் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை. 2009 முதல் 2014 வரை குழுத் தலைவராக இருந்த பாட்ரிக் லேஹி இரண்டு சீட்டும் வராமல் விசாரணை அமர்வே வைக்கவில்லை. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர், முன்மொழிந்த ஒபாமாவும் அதே கட்சி. தன் கட்சி ஜனாதிபதியின் கையைத் தானே கட்டினார் என்று அப்போது விமர்சனம் எழுந்தது. 2017இல் குழுத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லி, மேல்முறையீட்டு நீதிமன்றப் பதவிகளுக்கு மட்டும் சீட்டைப் பொருட்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தார். மினசோட்டா செனட்டர் அல் ஃபிராங்கன் சீட்டைத் திருப்பாதபோதும் டேவிட் ஸ்ட்ராஸுக்கு அமர்வு நடந்தது, அடுத்த ஜனவரியில் அவர் நீதிபதியானார். மாவட்ட நீதிபதிகளுக்கு மட்டும் சீட்டு இன்னும் செல்லுபடி. 2025இல் டிரம்ப் வெளிப்படையாக நெருக்கியும் கிராஸ்லி அதைக் கைவிடவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்: நாளை எதிர்க்கட்சியில் உட்காரும்போது ஒரு செனட்டருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிடி அது.

இது என்ன செய்யும் என்பதற்கு வட கரோலைனாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தைப் பார்க்கலாம். 2005 டிசம்பர் கடைசி நாளில் ஒரு இடம் காலியானது. புஷ் முன்மொழிந்த தாமஸ் ஃபார், ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த குழுவில் முடங்கினார். 2013இல் ஒபாமா ஜெனிஃபர் மே-பார்க்கரை முன்மொழிந்தார். அந்த மாநிலச் செனட்டர், குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் பர் நீலச் சீட்டைத் திருப்பவில்லை. சில வருடம் முன்பு இதே பெயரை வெள்ளை மாளிகைக்குப் பரிந்துரைத்தவர் அவர்! 2016இல் வந்த பட்ரீசியா டிம்மன்ஸ்-குட்சனுக்கும் அதே கதி. டிரம்ப் மீண்டும் ஃபாரைக் கொண்டுவர, 2018 நவம்பரில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டிம் ஸ்காட்டே எதிர்ப்பதாக அறிவித்தார். கடைசியில் 2019 டிசம்பரில் ரிச்சர்ட் மையர்ஸ் பதவிக்கு வந்தபோது அந்த நாற்காலி ஏறக்குறைய பதினான்கு வருடம் காலியாக இருந்திருந்தது.

60 வாக்கு வேண்டும் என்று முன்பு சொன்னார்கள். இப்போது 51 போதும் என்கிறார்கள். எது சரி?

இரண்டும், அந்தந்தக் காலத்துக்கு. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்ற தீர்மானத்துக்கு 'குளோச்சர்' என்று பெயர். 1917இல் வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது, 1975இல் அது 60 ஆனது. 41 பேர் சேர்ந்தால் விவாதத்தை முடிக்கவிடாமல் செய்யலாம். இதுதான் ஃபிலிபஸ்டர். மிகெல் எஸ்ட்ராடா என்பவருக்காக 2003இல் ஏழு முறை குளோச்சர் முயன்று ஏழு முறையும் தோற்றார்கள். அவர் விலகிக்கொண்டார். 2005இல் குடியரசுக் கட்சி விதியையே உடைக்கப் பார்த்தபோது இரண்டு தரப்பிலிருந்தும் ஏழேழு பேர் சேர்ந்து சமரசம் பேசி நிறுத்திவைத்தார்கள். அது எட்டு வருடம் தாங்கியது.

2013 நவம்பர் 21 அன்று நடந்ததைக் கொஞ்சம் உன்னித்துப் பார்க்கவேண்டும். வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மூன்று பேரும் தடைபட்டிருந்தார்கள். செனட் விதியை முறைப்படி திருத்துவதென்றால் அந்த விவாதத்தை முடிக்கவே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது நடக்காது. எனவே பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், 'உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நியமனங்களுக்கு எளிய பெரும்பான்மை போதும்' என்று ஓர் ஒழுங்குப் பிரச்சினையைக் கிளப்பினார். அவைத் தலைவர், விதிப்படி அது தவறு என்று தீர்ப்பளித்தார். ரீட் அந்தத் தீர்ப்பை எதிர்த்து அவையிடமே முறையிட்டார். தீர்ப்பு சரி என்றவர்கள் 48, தவறு என்றவர்கள் 52. முறையீட்டுக்கு எளிய பெரும்பான்மை போதும் என்பதால் வேலை முடிந்தது. இன்றைக்கும் விதியைப் புரட்டினால் ஐந்தில் மூன்று பங்கு என்றுதான் அச்சிட்டிருக்கும். மாறியது அதற்குச் சொல்லப்படும் பொருள்.

2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் இதே உத்தியை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார். மறுநாளே நீல் கோர்சச் 54-45 என்று தேறினார்.

சிறுபான்மைக் கட்சியால் தடுக்க முடியாது என்றால், இன்னும் ஏன் தாமதமாகிறது?

தடுக்கத்தான் முடியாது, இழுத்தடிக்க முடியும். குழுவில் ஒரு பெயர் முதன்முறை பட்டியலில் வந்தால் எந்த உறுப்பினரும் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்கலாம். அதனால் அங்கே ஒரு வாரம் போவது கிட்டத்தட்டச் சடங்கு. குழு தாண்டி அவைக்கு வந்ததும், 'ஆட்சேபணை இல்லை' என்று எல்லோரும் சொன்னால் ஒரே நிமிடத்தில் முடியும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் 16 கையெழுத்துடன் குளோச்சர் மனு போடவேண்டும். திங்களன்று போட்டால் புதனன்றுதான் அதன்மேல் வாக்கெடுப்பு. அது தேறினாலும் மேல்முறையீட்டு நீதிபதிக்கு இன்னும் 30 மணிநேர விவாத நேரம் இருக்கிறது. பேச ஆள் இல்லாவிட்டாலும் கடிகாரம் ஓடும். செனட் திங்கள் மாலை கூடி வியாழன் மதியம் கலையும் அவை என்பதை நினைவில் வைத்தால் 30 மணிநேரத்தின் விலை தெரியும்.

மாவட்ட நீதிபதிகளுக்கு இந்த நேரத்தை 2019 ஏப்ரலில் 2 மணிநேரமாகக் குறைத்தார்கள். பல பேருக்கு ஒரே நாளில் மனு போட்டுவிட்டால் இடையில் காத்திருக்கும் நாளும் எல்லோருக்கும் பொதுவாகக் கழிந்துவிடும். அதன் பிறகுதான் எண்ணிக்கை எகிறியது: டிரம்பின் முதல் ஆட்சியில் 234 பேர், பைடனுக்கு 235. 2025இல் பல அரசுப் பதவிகளுக்கு மொத்தமாக ஒரே வாக்கெடுப்பு நடத்த வழி செய்தார்கள். நீதிபதிகளை அதில் சேர்க்கவில்லை.

ஆள் குறைந்தாலும் சிக்கல்தான். 2023இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் உடல்நலமில்லாமல் சில மாதம் வராததால் குழுவில் அக்கட்சியின் பெரும்பான்மை போனது. தற்காலிகமாக வேறொருவரைப் போட எதிர்த்தரப்பு சம்மதிக்கவில்லை. பல பெயர்கள் அங்கேயே நின்றன.

உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு வாக்கெடுப்பே வைக்காமல் விட்டது சட்டப்படி சரியா?

சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை, வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும் என்றும் சொல்லவில்லை. 2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஸ்கலியா இறந்தார். அன்றைக்கே மெக்கானல், அடுத்த ஜனாதிபதிதான் நிரப்பவேண்டும் என்று அறிவித்தார். யார் பெயர் வரும் என்று தெரிவதற்கு முன்பே குழுவின் 11 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் விசாரணை அமர்வு கிடையாது என்று கையெழுத்திட்டார்கள். மார்ச் 16 அன்று முன்மொழியப்பட்ட கார்லண்டின் பெயர் 293 நாள் கிடந்து 2017 ஜனவரி 3 அன்று காலாவதியானது.

சட்டத்தை விடுங்கள், நேர்மை என்ற ஒன்று உண்டல்லவா? தேர்தல் வருடம் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன காரணம். 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. ஏமி கோனி பாரெட் அக்டோபர் 26 அன்று 52-48 என்று பதவி பெற்றார். வெள்ளை மாளிகையும் செனட்டும் ஒரே கட்சியிடம் இருந்தால் வேறு கணக்கு என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தை யார் நம்பினார்கள் என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது.

தேர்தல் வருடத்தில் நீதிபதி நியமனம் கூடாது என்று 'தர்மண்ட் விதி' இருக்கிறதாமே?

எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டும், ஆளும்போது இரண்டு தரப்பும் மறந்துவிடும்.

இதையெல்லாம் முதலில் ஆரம்பித்தது யார்?

எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். 1844இலேயே ஜனாதிபதி ஜான் டைலரின் பெயர்களைச் செனட் அடுத்தடுத்து முடக்கியது. 1968இல் ஏப் ஃபோர்ட்டஸைத் தலைமை நீதிபதியாக்கும் முயற்சி குளோச்சரில் நின்றது.

வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கதை இன்னும் ருசியானது. 1992இல் மூத்த புஷ் அங்கே ஜான் ராபர்ட்ஸை முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சி அமர்வு வைக்கவில்லை. 1996இல் ஜேம்ஸ் பக்லியின் இடம் காலியாகி, 1999இல் கிளின்டன் அதற்கு எலேனா கேகனை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சி அமர்வு வைக்கவில்லை. அதே நாற்காலியில் 2003இல் உட்கார்ந்தவர் ராபர்ட்ஸ். இப்போது அவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, கேகன் அதே நீதிமன்றத்தில் உடன் நீதிபதி.

நீதிபதி இடம் காலியாக இருப்பதால் சாதாரண மனிதருக்கு என்ன நஷ்டம்?

குற்ற வழக்கென்றால் 1974ஆம் வருடச் சட்டப்படி, விலக்கு நாட்கள் போக, 70 நாளுக்குள் விசாரணை தொடங்கவேண்டும். அதனால் ஆள் குறைந்த நீதிமன்றம் முதலில் அதைத்தான் எடுக்கும். பின்னால் தள்ளப்படுவது சிவில் வழக்குகள்: வேலைநீக்கம், காப்பீடு, ஒப்பந்தத் தகராறு. ஓய்வுக்குப் பிறகும் வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் மூத்த நீதிபதிகளால்தான் பல இடங்களில் வண்டி ஓடுகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்குக் கணக்கில் 600 வழக்குக்கு மேல் வந்தால் அந்தக் காலியிடத்தை 'நீதித்துறை நெருக்கடி' என்று தனிப் பட்டியலில் சேர்ப்பார்கள். 430 முதல் 600 வரை என்றால் இடம் 18 மாதத்துக்கு மேல் காலியாக இருக்கவேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் விளைவு வேறு மாதிரி. ஸ்கலியாவுக்குப் பின் எட்டுப் பேர் இருந்தபோது, ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் பற்றிய வழக்கு 4-4 என்று நின்றது. அப்படி நின்றால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைக்கும், முன்மாதிரியாகவும் ஆகாது.

செனட் விடுமுறையில் இருக்கும்போது ஜனாதிபதி நேரடியாக நியமிக்கலாமே?

அரசியலமைப்பு அனுமதிக்கிறது. 1953இல் ஏர்ல் வாரன் தலைமை நீதிபதியாக அப்படித்தான் வந்தார். ஆனால் அந்த நியமனம் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரைதான். இப்போது இரண்டு அவையும் மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் கூடிக் கலைந்து விடுமுறையே இல்லாதது போலக் காட்டிக்கொள்கின்றன. 10 நாளுக்குக் குறைந்த இடைவெளி பொதுவாகப் போதாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒரு பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். காங்கிரஸின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் 'பி.என்.' என்று தொடங்கும் எண் உண்டு. அதில் 'குழுவுக்கு அனுப்பப்பட்டது' என்பதோடு வரிசை நின்று, மாதக்கணக்கில் அமர்வுத் தேதியும் இல்லையென்றால், மாவட்டப் பதவியாக இருந்தால் அந்த மாநிலச் செனட்டர்கள் எந்தக் கட்சி என்று பாருங்கள். அமர்வு முடிந்தும் குழு வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனால் பெரும்பான்மைத் தரப்பிலேயே யாரோ தயங்குகிறார். குழு தாண்டி நிர்வாக அட்டவணையில் ஏறிய பிறகும் குளோச்சர் மனு விழவில்லை என்றால், பெரும்பான்மைத் தலைவரிடம் நேரமில்லை அல்லது 51 வாக்கு இல்லை. 2024 முடிவில் பைடன் முன்மொழிந்த நான்கு மேல்முறையீட்டு நீதிபதிகள் அப்படித்தான் நின்றுபோனார்கள். அவர்களைக் கைவிட்டால் மாவட்ட நீதிபதிகள் வாக்கெடுப்பைத் தாமதிக்கமாட்டோம் என்று குடியரசுக் கட்சி பேரம் பேசியது, ஜனநாயகக் கட்சித் தலைமை ஒத்துக்கொண்டது.