'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' முதல் படத்தைவிடச் சிறந்தது என்கிறார்களே, ஏன்?

முக்கியக் காரணம், 1935-இல் வந்த இந்த இரண்டாம் படத்தில், விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய ராட்சதன் பேச ஆரம்பிக்கிறான். 1931-இல் வந்த முதல் படமான 'ஃபிராங்கன்ஸ்டைன்'-இல் வெறும் உறுமல்தான். இங்கே காட்டுக் குடிசையில் தனியாக வாழும் பார்வையற்ற முதியவர் அவனை உள்ளே அழைத்து, ரொட்டியும் ஒயினும் கொடுத்து, சில சொற்களும் கற்றுத் தருகிறார். அவன் முகத்தைப் பார்க்க முடியாதவர்தான் அவனை மனிதனாக நடத்துகிறார்! ராட்சதன் பேசுவதில் நடிகர் போரிஸ் கார்லாஃபுக்கு உடன்பாடே இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் அவன் கண்ணீர் விடும்போது நமக்கும் தொண்டை அடைக்கும். திகில் படத்துக்குள் இவ்வளவு பரிவைக் கொண்டுவந்தது இயக்குநர் ஜேம்ஸ் வேலின் பெரிய சாதனை.

ராட்சதனுக்குத் துணையாக உருவாக்கப்படும் மணப்பெண் கடைசிச் சில நிமிடங்கள்தான் வருகிறாள். மேலெழும்பிய கூந்தலில் வெள்ளைக் கோடுகள், வெடுக்கென்று திரும்பும் தலை, அன்னப்பறவைகளைக் கவனித்து நடிகை எல்சா லான்செஸ்டர் பிடித்த அந்தச் சீறல். தொடக்கத்தில் நாவலாசிரியை மேரி ஷெல்லியாக வருவதும் அவரேதான்.

முதல் படத்தை முதலில் பாருங்கள். அது முடியும் எரிந்த காற்றாலையிலிருந்துதான் இந்தக் கதை தொடர்கிறது. இரண்டுமே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான்.