எந்தச் சுவருக்கு எந்தக் கலவை: கேள்வி பதில்

சென்னையில் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலைகளை மேற்பார்த்து வருகிறேன். சிறப்புக் கலவைகள் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

திருவல்லிக்கேணியில் தாத்தா கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை), சுண்ணாம்புச் சுவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கீழ்ச்சுவரைச் சிமென்டால் பூசினோம். இப்போது உப்புப் பூத்து, பெயின்ட் உரிகிறது. இன்னும் உறுதியான நீர்த்தடுப்புக் கலவை வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. அந்த உறுதிதான் உங்கள் சுவரைக் கெடுக்கிறது. பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் இத்தனை காலமும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் உள்ளே தேங்கி மேலே ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைப் பொடியாக்குகிறது. பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல் உதிர்ந்தால் என்ன செய்வது? கல்லைவிடக் கலவை சற்று மென்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சிமென்ட் பூச்சைப் பொறுமையாகக் கொத்தி எடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு தொடங்கினால் சுவர் காய அவகாசம் கிடைக்கும். நீற்றித் தண்ணீருக்கடியில் ஊறவைத்த சுண்ணாம்பு விழுதே சிறந்தது. எப்போது நீற்றினார்கள், காற்றுப் படாமல் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். திறந்து கிடந்த சுண்ணாம்புத் தூள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும்; சுவரில் பிடிக்காது. மூட்டையில் வரும் ஆயத்தச் சுண்ணாம்புக் கலவை என்றால், அதில் சிமென்ட் சேர்ந்திருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘சுண்ணாம்பு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு மணல் பொதுவான அளவு. ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச்சாக்கு போட்டு மெதுவாக இறுக விடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் பளிங்குபோலத் தேய்த்தெடுத்த பூச்சுக்குப் பெயர் பெற்றிருந்த ஊர் இது. அந்தக் கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மேடவாக்கத்தில் ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) கட்டுகிறோம். பிளாக் ஒட்டும் பசை மூட்டை விலை அதிகம், சாதாரணக் கலவையே போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

மூட்டைக்கு மூட்டை ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். சாதாரணக் கலவையின் இணைப்பு 10 முதல் 12 மி.மீ. கனம் பிடிக்கும்; பசைக்கு 2 முதல் 3 மி.மீ. போதும். ஆகவே சதுர அடிக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏஏசி பிளாக் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். சாதாரணக் கலவை இறுகும் முன்பே வறண்டுபோகும். பசையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் உண்டு. ஆனால் பிளாக்குகள் அளவு பிசகாமல் இருந்தால்தான் மெல்லிய இணைப்பு சரிவரும். அதனால் லாரியிலிருந்து இறக்கும்போதே நாலைந்தை அளந்து பாருங்கள். முதல் வரிசையை மட்டும் சாதாரணக் கலவையில் மட்டம் பார்த்து வையுங்கள்.

குளியலறைச் சுவரில் 2 அடிக்கு 4 அடி விட்ரிஃபைடு டைல் ஒட்ட எந்தப் பசை?

விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். வெறும் சிமென்ட் அதில் பிடிக்க வழியில்லை. பையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணையும், 1 முதல் 5 வரையுள்ள வகைகளில் எது என்பதையும் பாருங்கள். சிறிய செராமிக் டைலுக்கான வகை 1 உங்களுக்கு ஆகாது. இவ்வளவு பெரிய டைலைச் சுவரில் ஒட்ட அந்தப் பை ஏற்றதா என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பல்கரணையால் (விளிம்பில் பற்கள் உள்ள கரணை) சுவரில் பரப்பி, டைலின் பின்புறமும் மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து ஒட்டுவதை அனுமதிக்கவே கூடாது.

ஒன்பது மாதப் பழைய டைல் பசை பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கூடாது. பிரிக்காத பைக்கே பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டுவரைதான் ஆயுள். சென்னையின் ஈரக்காற்றில் அதையும் முழுசாக நம்ப முடியாது.

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு அருகே வீடு. கூரையில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்கிறது. எந்தக் கலவையால் அடைப்பது?

அடைப்பது கடைசி வேலை ஐயா. முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டி, வெற்றொலி கேட்கும் இடத்தையெல்லாம் குறியுங்கள். கம்பி பாதி தேய்ந்திருந்தாலோ உத்திரத்திலும் விரிசல் இருந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் எந்த மூட்டையும் வாங்காதீர்கள். அவர் சரி என்றால், கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துருவைச் சுத்தமாக நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும் பிடிப்புப் பூச்சும் அடித்து, பாலிமர் சேர்த்த பழுதுநீக்கும் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். இந்தப் பூச்சுகளையும் கலவையையும் ஒரே நிறுவனத்தின் வரிசையிலேயே வாங்குங்கள். கொத்தத் தொடங்கும் முன் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.