மூச்சுச் சோதனை முடிவை நீதிமன்றத்தில் மறுக்க முடியுமா?

கேள்வி: விருந்தில் சிறிதளவு பீர் அருந்தினேன். கிளம்பும் முன் மவுத்வாஷால் வாய் கொப்பளித்தேன். சில நிமிடங்களில் போலீசார் வண்டியை நிறுத்தி, ஒரே ஒரு முறை ஊதச் சொன்னார்கள். அளவு சட்ட வரம்பைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. ரத்த மாதிரி எடுக்கப்படவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா?

பதில்: பிரெத் அனலைசர் கருவிகளே நம்பத்தகாதவை என்று பொதுவாக வாதிடுவதில் பயனில்லை. உங்களுக்கு நடந்த சோதனையில் குறை உண்டா என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

உங்களுக்குச் சாதகமான முதல் விஷயம் மவுத்வாஷ். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றைத்தான் கருவி அளக்க வேண்டும். வாயில் தங்கிய ஆல்கஹால் அதனுடன் கலந்தால், ரத்தத்தில் இல்லாத அளவு திரையில் தெரியும். அந்த எச்சம் பெரும்பாலும் 15 நிமிடங்களுக்குள் நீங்கிவிடும் என்பதால்தான், சோதனைக்கு முன் 15 முதல் 20 நிமிடங்கள் கண்காணித்தபடி காத்திருக்க வேண்டும் என்றும், இரண்டு முறை ஊதவைத்து ஒப்பிட வேண்டும் என்றும் பல நாடுகளின் நடைமுறைகள் வலியுறுத்துகின்றன. வண்டியை நிறுத்திய நேரமும் ஊதிய நேரமும் ஆவணத்தில் அடுத்தடுத்து இருந்தால், சோதனை நடத்திய அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்ய அதுவே போதுமான தொடக்கம். ஆனால் மவுத்வாஷ் பயன்படுத்தியதை நீங்கள் வாயால் சொன்னால் மட்டும் போதாது. உடனிருந்தவரின் சாட்சியமும், அதில் ஆல்கஹால் இருந்ததைக் காட்டும் லேபிளும் தேவைப்படும்.

இரண்டாவதாக, கருவியின் காலிபரேஷன் (அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சரிபார்ப்பு) சான்றிதழ், பழுதுநீக்கப் பதிவேடு, அச்சான முடிவுச்சீட்டு, அதிகாரியின் பயிற்சிச் சான்று ஆகியவற்றின் நகல்களை எழுத்துமூலம் உடனே கோருங்கள். உங்களைப் போல வரம்பை ஒட்டிய அளவு வந்தவர்களுக்குக் கருவியின் அனுமதிக்கப்பட்ட பிழையளவும் முக்கியம். அது சாலையோர முதற்கட்டச் சோதனைக்கு மட்டும் ஏற்கப்பட்ட கருவியா, சான்றாகவே ஏற்கப்படுவதா என்பதையும் உங்கள் நாட்டுச் சட்டத்தில் வழக்கறிஞர் சரிபார்க்கட்டும்.

மூச்சு அளவை ரத்த அளவாக மாற்றப் பல கருவிகள் 2100:1 என்ற நிலையான விகிதத்தைப் பயன்படுத்துகின்றன; அதாவது, 2100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று கொள்கின்றன. உண்மையில் இது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். இதைப் பெரிய ஆயுதமாக நினைக்கிறவர்கள் உண்டு. நான் எச்சரிக்கையாகவே அணுகுவேன். குடித்த சற்று நேரத்தில், ஆல்கஹால் இன்னும் உறிஞ்சப்படும்போது, கருவி அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். உறிஞ்சப்பட்டு முடிந்தபின் பலருக்கு அது குறைத்தே காட்டும். ஆகவே கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மேலும், மூச்சு அளவையே நேரடியாக வரம்பாக வைத்திருக்கும் நாட்டில் இந்த விகித வாதத்துக்குப் பெரும்பாலும் இடமே இராது.

தள்ளாட்டம், குழறிய பேச்சு போன்ற குறிப்புகள் அதிகாரியின் அறிக்கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்; இருந்தால், கருவி காட்டிய அளவை வீழ்த்தினாலும் வழக்கு முடியாது. ஆவணங்களைப் பார்ப்பதற்கு முன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். காத்திருப்பு நேரமும் காலிபரேஷனும் ஒழுங்காக இருப்பது தெரியவந்தால், அந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புக் கோருவதே உங்களுக்கு நல்லது.