லாரி சங்கத்துக்குக் கட்டும் சந்தா வீணா?

கேள்வி: எங்கள் மாமா பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறார். சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். ஸ்டிரைக் நடத்துவதைத் தவிர லாரி உரிமையாளர் சங்கம் வேறென்ன செய்கிறது? விபத்து குறைய அவர்களால் ஏதாவது ஆகியிருக்கிறதா?

எனக்குச் சங்ககிரிப் பக்கம். அப்பா டிரைவராக இருந்து, பிறகு சொந்த வண்டி வாங்கினார். இன்று என்னிடம் இரண்டு வண்டி ஓடுகிறது. மாமாவைத் தயங்காமல் சேரச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு ஒரே ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சேலத்திலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி லோடு போனது. கர்நாடகாவில் சித்ரதுர்கா தாண்டி டயர் வெடித்தது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த வேன் மோதிவிட்டது. ராத்திரி இரண்டேகாலுக்கு எனக்கு போன். அண்ணனுக்குக் கால் முறிவு, வேனில் வந்தவருக்குத் தலையில் அடி. எனக்கோ அண்ணனுக்கோ கன்னடம் தெரியாது. நான் கிளம்பினாலும் போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆகும். சங்கச் செயலாளரை எழுப்பினேன். "பதறாதீங்க தம்பி. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. மூணையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். (ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று, எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று.)

முக்கால் மணி நேரத்தில் அந்த ஊர் லாரி சங்கத்துக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். நான் காலையில் போய்ச் சேர்ந்தபோது போலீசில் புகார் எழுதியாகிவிட்டது. லோடுக்கு ஆள் காவல் இருந்தது. அந்தப் பக்கம் காலியாக நின்ற நம்ம ஊர் வண்டி ஒன்றில் மூட்டைகளை மாற்றி அனுப்பினோம். வண்டியைக் கோர்ட்டிலிருந்து எடுக்க ஒன்பது நாள் ஆனது, வக்கீலையும் அவர்களே பார்த்துக் கொடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்திருப்பேனோ! அந்த அண்ணனுக்குச் சங்கம் உடனே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. 2025-இல் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 7 நாள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாத சிகிச்சை என்று மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. அதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கேபினிலும் ஒட்ட வைத்ததும் எங்கள் சங்கம்தான். அதுவரை டிரைவர்கள் பலருக்கு அது தெரியாது.

இன்னொரு வேலை வெளியே தெரியாது. எங்கள் சங்கத்தில் ஒரு நோட்டு உண்டு. யார் வண்டிக்கு எப்போது எஃப்.சி. முடிகிறது, பர்மிட் எப்போது, இன்சூரன்ஸ் எப்போது என்று எழுதி வைத்து முன்கூட்டியே போன் செய்கிறார்கள். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம். மாமாவுடையது பழைய வண்டி என்பதால் இது அவருக்கு ரொம்ப முக்கியம். எஃப்.சி. காலாவதியான வண்டி ஆள் மேல் ஏறிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பு வரலாம். ஒற்றை வண்டிக்காரர் அதோடு தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

சரி, விபத்துக்கு வருகிறேன். தொப்பூர் கணவாய் தெரியும்தானே? தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது இறக்கம். அங்கே நடக்கும் விபத்துகளில் பலவற்றுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் காரணம் எழுதுகிறார்கள். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டிருப்பார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முப்பது டன்னையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்க வேண்டும். அது சூடேறிப் பிடிப்பை விட்டுவிடும். இன்ஜின் மெதுவாக ஓடுவதால், பிரேக்குக்கு வேண்டிய காற்றைக் கம்ப்ரசர் நிரப்பும் வேகமும் குறைவு. அடிக்கடி மிதிக்க மிதிக்கக் காற்றும் இறங்கிவிடும். எங்கள் சங்கத்தில் முப்பது வருடம் ஓட்டிய ஒரு பெரியவர் இதைப் புது டிரைவர்களுக்குத் தேய்ந்த லைனிங்கைக் கையில் கொடுத்தே சொல்லித் தருகிறார். "எந்தக் கியரில் ஏறுவியோ அதே கியரில் இறங்கு" என்பார். மிச்சமாகும் டீசல் ஒரு டீ செலவுக்கு மேல் வராது என்று கணக்கும் போட்டுக் காட்டுவார்.

கண் முகாம் நடத்துகிறோம். வேலை போய்விடுமோ என்று பயந்து கண்ணாடி போட வேண்டியதை மறைக்கும் டிரைவர்கள் நிறைய. புரை வளரும் கண்ணுக்கு எதிர் வண்டி வெளிச்சம் வெள்ளைத் திரை மாதிரி தெரியும். இதை என்னிடம் சொன்னவர் என் வண்டியையே இரண்டு வருடம் ராத்திரியில் ஓட்டியவர். முகாமில் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவரால் வாய் விட்டுச் சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அப்புறம் பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர். புழுதி படிந்தால் அது இருந்தும் இல்லாததுதான், அதனால் துடைக்க வேண்டும். வண்டி பிரேக்டவுன் ஆனபோது ரோட்டில் வைத்த கல்லை எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பதையும் விடாமல் சொல்கிறோம்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வாடகைதான். நீங்கள் ஸ்டிரைக் என்று ஒதுக்குவதும் அதற்குள்தான் வருகிறது. வாடகை டீசலுக்கும் டோலுக்கும் கட்டுப்படி ஆகவில்லை என்றால் உரிமையாளர் ஒரு டன் கூடுதலாக ஏற்றுவார், அல்லது நாலு நாள் ட்ரிப்பை மூன்று நாளில் முடிக்கச் சொல்வார். 2019-இல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். அப்படியும் ஏற்றுகிறார்கள் என்றால் வேறு வழி தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஒற்றை வண்டிக்காரர் புக்கிங் ஆபீசில் போய் "இந்த வாடகைக்கு முடியாதுங்க" என்றால் அடுத்த வண்டி ரெடியாக நிற்கும். ஊரே சேர்ந்து சொன்னால்தான் பேச்சு எடுபடும். அந்தக் கூடுதல் பணம் வந்தால்தான் டிரைவர் தூங்க முடியும்.

தூக்கத்தைப் பற்றி எங்கள் சங்கம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று பொதுவான வரம்பு வைத்தது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதி 2018 நவம்பர் வரை இருந்தது. அதை எடுத்தபோது டிரைவர் கிடைக்காத காலம் என்பதால் எங்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். நானும்தான். 2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே அதிகாலை நேரம் கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டிப் போய் கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான் தூர ட்ரிப்புக்கு இரண்டு பேரைத்தான் அனுப்புகிறேன். லாபம் குறைகிறது, வீட்டிலும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் கேட்டேன். தீர்மானம் இன்னும் ஆகவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

மாமா சேரும் முன் ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய் உட்காரட்டும். கடைசியாக வெளி மாநிலத்தில் விபத்து நடந்த உறுப்பினருக்கு யார் போனார்கள், எத்தனை மணி நேரத்தில் போனார்கள் என்று கேட்கட்டும். ஆள் பெயர் சொல்லிப் பதில் வந்தால் அன்றைக்கே சந்தாவைக் கட்டிவிடலாம்.